சிவப்பு மையில் அடித்த பெயர்

அமல், உன் செல்போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது நீ போன ஏழாவது நாள்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை டவர் கிடைக்கவில்லை என்று நினைத்து மொட்டை மாடிக்கும் தெருவுக்குமாக நடந்து நடந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல், உன் பாடகரின் ரசிகர்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி போடச் சொல்லியிருக்கிறேன். குழுவை நடத்தும் ரேவதி, நீ எதற்கும் பதில் போடுவதில்லை, ஆனால் படிக்கிறாய் என்றாள். "ஆன்ட்டி, அவரு கீறாரு ஆன்ட்டி. முந்தாநாள் போட்ட மெசேஜ கூட படிச்சிக்கீறாரு. படிச்சவங்க லிஸ்ட்ல பேரு வந்துச்சு பாருங்க. இன்னாத்துக்கு இப்புடி அழுவுறீங்க?" என்று போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அந்தப் பட்டியலில் உன் பெயரைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு வாய் தண்ணீர் இறங்கியது. குழுவில் இருக்கும் மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சர் தன் முகத்தில் தானே கரி பூசிக்கொள்ளப் போகிறாள். படிக்க விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். நீ மட்டும் தாண்டிப் போகாதே.

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினோரு நாள். ரிக்கி மோகன் இறந்து பதினேழு நாள். அந்தப் பெயரை நான் ஒழுங்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. இருபது வருஷமாக நம் வீட்டில் அவரை 'ரிக்கியாம் கிக்கியாம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். டிவியில் வந்தால் சேனலை மாற்றுவேன். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் பூசிக்கொண்டு, ஒரு காதில் வளையம் போட்டுக்கொண்டு ஆடுகிற ஆளின் படத்தை நீ அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தாய். நான் அதன் மேல் மாதா படத்தை ஒட்டினேன். நீ மாதாவை எடுக்கவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவாய். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பிள்ளை எதைத் தேடி அந்த ஓரத்தைத் தூக்குகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா இறந்தபோது உனக்குப் பதினொரு வயது. தபால் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடக்கத்தன்று நீ விசும்ப ஆரம்பித்தாய். நான் உன் தோளைப் பிடித்து அழுத்தி, "அம்மா அழல பாரு. நீயும் அழக் கூடாது. எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். அன்றைக்கு அது தைரியம் என்று நினைத்தேன். இல்லை அமல். நீ ஒரு தடவை வாய்விட்டு அழுதிருந்தால் நான் அந்தக் குழி ஓரத்திலேயே உடைந்து விழுந்திருப்பேன். நான் விழாமல் இருப்பதற்காக உன் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நம் வீட்டில் அப்பா பேச்சே எடுக்கவில்லை. நீ சாப்பிட்டாய், படித்தாய், பீடத்தில் பூசை உதவிக்குப் போனாய். 'என் பிள்ளை தாங்கிக்கொண்டான்' என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு உனக்கு வெள்ளைச் சட்டை எடுக்க தி. நகர் போனோமே, நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்காது. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை, அவ்வளவுதான். பாண்டி பஜாரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஜவுளிக்கடை வாசலில் மேடை போட்டு, ரிக்கி மோகனைப் பாட வைத்திருந்தார்கள். கூட்டத்தில் உன் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. கால்மணி நேரம் பைத்தியக்காரி மாதிரி உன் பெயரைக் கத்திக்கொண்டு சுற்றினேன். கடைசியில் மேடையின் பின்பக்கப் படிக்கட்டில் உன்னைப் பார்த்தேன். அவர் பாட்டு முடித்து, சோடா பாட்டிலோடு படியில் உட்கார்ந்திருந்தார். நீ அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாய். "பேரு இன்னா தம்பி?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. நீ பேரைச் சொல்லவில்லை. "எங்க அப்பா செத்துட்டாரு" என்றாய்.

ஒரு வருஷத்தில் நீ அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான். அவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு உன்னை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டார். நீ அழுதாய். அந்த மாதிரி ஓர் அழுகையை உன்னிடமிருந்து நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன்? உன்னைப் பிடித்து இழுத்து, அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். "அடிக்காதீங்க மேடம். அழட்டும், வுடுங்க" என்றார் அவர். "எங்க வீட்டு அழுகைக்கு உங்க மேடை வேணாம்" என்று சொல்லிவிட்டு உன்னைத் தரதரவென்று பஸ் ஸ்டாப்புக்கு இழுத்து வந்தேன். வெள்ளைச் சட்டை வாங்கவே இல்லை. பழைய சட்டைக்கு நீலம் போட்டு அப்பாவின் பூசைக்கு உடுத்திவிட்டேன்.

அன்றிலிருந்து அந்த மனிதரை வெறுத்தேன். ஆட்டம் பிடிக்கவில்லை, முடி பிடிக்கவில்லை, படிப்பைக் கெடுக்கிறார் என்று ஆயிரம் காரணம் சொன்னேன். எல்லாம் பொய். பெற்றவளிடம் சொல்லாததை அவரிடம் போய்ச் சொன்னாயே, அந்தப் பொறாமைதான். நான் பொத்தி வைத்திருந்த கதவை, யாரோ ஒருத்தர் ஒரு சோடா குடிக்கிற நேரத்தில் திறந்துவிட்டார். அந்தக் கதவைச் சாத்தி வைத்தவள் நான்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருஷமும், நீ இல்லாத இந்தப் பதினோரு நாளும் வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் உன் வாக்மேனும் அந்த மூன்று கேசட்டும் காணாமல் போனதே, வேலைக்காரம்மாவின் மகன் எடுத்திருப்பான் என்று சொன்னேனே, அது நான் எடுத்தது. என் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்திருந்தேன். நீ அந்தப் பையனோடு சண்டை போட்டாய். அவர்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள். அந்தப் பாவமும் என் தலையில்தான். சென்ற வாரம் புடவையை விரித்துப் பார்த்தேன். பாட்டரி ஒழுகி ஜரிகையெல்லாம் பச்சை பிடித்துப்போயிருக்கிறது.

அவர் இறந்த அன்று மத்தியானம் பெசன்ட் நகர் மயானத்திலிருந்து நீ எனக்குப் போன் செய்தாய். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, ஆழ்வார்பேட்டையில் ஆபீஸ், உனக்குக் கீழே எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். "அம்மா, கொஞ்சம் இங்க வர்றியா? பதினஞ்சு பேர்கூட வரலம்மா. தூக்குறதுக்கே ஆள் இல்லாம நான்தான் ஒரு பக்கம் பிடிச்சேன்" என்றாய். "நீ ஏன்டா அதெல்லாம் தொடுற? எனக்கு அன்பியக் கூட்டம் இருக்கு" என்றேன். அன்பியம் என்றால் என்னவென்று தெரியாத உன் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்வது. அன்றைக்கு எங்கள் ஜெபத்தின் கருத்தே 'தனிமையில் வாடுவோருக்காக' என்பதுதான். நான்தான் அதைச் சத்தமாக வாசித்தேன். மழையில் நனைந்து வந்து நீ சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாய். ரசம் ஊற்றிக்கொண்டே, "யாரோ ஒருத்தன் செத்ததுக்கு சொந்த அப்பா செத்த மாதிரி உக்காந்திருக்கியே" என்றேன். நீ தட்டைத் தள்ளவில்லை. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். நீ கோபப்படவில்லை என்பதைப் பார்த்தாவது நான் பயந்திருக்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கவர். நவம்பர் பிறந்தால் நம் கோயிலில் வீட்டுக்கு ஒரு கவர் தருவார்கள். பின்பக்கம் பத்துக் கோடுகள். அந்தக் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பீடத்தடியில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டால், மாதம் முழுக்க அவர்கள் ஆன்மாவுக்காகப் பூசை நடக்கும். நம் தெருவுக்குக் கவர் சேகரிப்பது என் வேலை. இருபது வருஷமாக நம் வீட்டுக் கவரை நீதான் எழுதுவாய், ஒரே ஒரு பெயர். இந்த வருஷம் எழுதி என் கையில் கொடுத்தாய். முதல் கோட்டில் சேவியர், உன் அப்பா. இரண்டாவது கோட்டில் ரிக்கி மோகன். என் கையில் சிவப்புப் பேனா இருந்தது, யார் யார் கொடுத்துவிட்டார்கள் என்று டிக் அடிக்க வைத்திருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அந்த இரண்டாவது பெயரை ஒரே இழுப்பில் அடித்தேன். "குடும்பத்துல செத்தவங்க பேரை எழுதுற இடம்டா இது. உங்க அப்பாவுக்குக் கீழ இந்த ஆளா?" என்றேன்.

"அப்பா செத்தப்போ என்கூட யாரும்மா இருந்தா? நீ இருந்தியா?" என்று கேட்டாய்.

சத்தம்கூடப் போடவில்லை நீ. நான் கவரைப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது உன் அறை காலியாக இருந்தது. குடையைக்கூட எடுத்துப்போகவில்லை.

முதல் மூன்று நாள் எனக்குக் கோபம்தான், அதையும் மறைக்கவில்லை. வயிறு காய்ந்தால் தானே வருவான் என்று வீம்பாக இருந்தேன். பிறகு உன் ஆபீசுக்குப் போனேன். நீ சொல்லாமலே நின்றுவிட்டாய் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "வயசு முப்பத்திரண்டு, கோவிச்சிட்டுப் போயிருக்காரு, வந்துருவாரும்மா" என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலில் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தேன். கடற்கரையில் சாயங்காலக் கூட்டத்தில், உன் மாதிரி முதுகைக் கூனிக்கொண்டு நடக்கிற பையன்களின் சட்டையைப் பிடித்து இழுத்து, திரும்பிய முகம் நீ இல்லாமல், மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாய் மரத்துவிட்டது. மயானத்து வாசலுக்கும் போனேன். அங்கே காவலுக்கு இருப்பவர்தான் ரேவதியின் நம்பரைக் கொடுத்தார். அன்று வந்த அந்தச் சிலரில் அவளும் ஒருத்தியாம்.

பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருக்கிறாள் ரேவதி. முன்பென்றால் அந்த மாதிரி ஒரு பெண்ணோடு உன்னைப் பார்த்தாலே ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். இப்போது அவள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, என் பிள்ளையைப் பற்றி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். உன் பாடகருடைய கடைசி மூன்று மாதம் நீயும் அவளும்தான் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போனீர்களாமே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ அவசரமாகக் கிளம்புவது அங்கேதானா? "அவரு வலி தாங்காம கத்துவாரு ஆன்ட்டி. அமல் அண்ணன்தான் கைய புடிச்சிக்கினு, 'அழுங்கண்ணா, அழுங்க, வுடுங்க'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு" என்றாள். அதைக் கேட்டதும் அந்தப் பாண்டி பஜார் படிக்கட்டு என் கண் முன்னால் வந்து நின்றது. உனக்கு அவர் கொடுத்ததை நீ அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

ரேவதி தன் போனில் உன் பாட்டைப் போட்டுக் காட்டினாள். நீ ராப்பகலாகக் கேட்டுத் தேய்த்த அந்தப் பாட்டு. நான் முழுசாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஏதோ காதல் கண்றாவி என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில் பஸ்சில் குடையை மறந்துவிட்டு இறங்கிய ஒருத்தன், நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்து போகிறான். அவ்வளவுதான் பாட்டு. வீட்டில் ஒருத்தி தலை துவட்டிவிடக் காத்திருக்கிறாள் என்று கடைசியில் வருகிறது. அந்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. கேட்காமலே இருபது வருஷம் ஒரு பாட்டைத் திட்டியிருக்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது படிக்காமல் கருத்து எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன், நேற்று சாயங்காலம். அவருடைய முழுப்பெயர் மோகனசுந்தரம் என்று ரேவதி சொல்லியிருந்தாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் அதை எழுதிவிட வேண்டும் என்று போனேன். "டீச்சர், பொட்டில போட்ட கவரை எடுக்கக் கூடாதே" என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தயங்கினார். "சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லி, பீடத்தடியில் தரையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கவரைப் புரட்டினேன். நம் கவர் கிடைத்தது. இரண்டாவது கோட்டில், நான் இழுத்த சிவப்புக் கோட்டுக்கு மேலே 'மோகனசுந்தரம்' என்று எழுதினேன். அப்புறம்தான் கண் கீழே போனது. ஏழு கோடுகளைக் காலியாக விட்டுவிட்டு, பத்தாவது கோட்டில், பொடி எழுத்தில் 'அமல்ராஜ்' என்று எழுதியிருந்தது.

முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு விடைத்தாளைக்கூடக் கடைசி வரி வரை படிக்காமல் நான் திருத்தியதில்லை. என் பிள்ளை என் கையில் கொடுத்த தாளை இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன். நீ என்ன நினைத்து எழுதினாய் அமல்? அவரோடு நீயும் முடிந்துவிட்டாய் என்றா? நான் பார்த்துவிட்டுக் கேட்பேன் என்றா? பார்க்கிறேனா இல்லையா என்று சோதித்தாயா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது இவ்வளவுதான்: பத்து நாளாக நான் தினமும் முன்வரிசையில் முழங்கால் போட்டு, அந்தப் பெட்டியைப் பார்த்து, அதில் இருக்கும் எல்லோருக்கும், செத்தவர்களுக்காகக் கேட்கிற நித்திய இளைப்பாற்றி கேட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கும் என் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். அதை நினைத்த நிமிஷம் அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டேன். கோயில்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தாராம்.

கடிதம் எழுதினால் நான் புத்தி சொல்லாமல் முடிக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். சொல்கிறேன், திட்டிக்கொண்டே கேள். அழு. எங்கே இருக்கிறாயோ அங்கேயே, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழு. தனியாக மட்டும் இருக்காதே. பக்கத்தில் யாராவது இருந்தால், டீக்கடைக்காரராக இருந்தாலும், "எனக்கு வேண்டியவர் செத்துட்டார், எனக்கு முடியல" என்று சொல். பன்னிரண்டு வயதில் உனக்கு அது தெரிந்திருந்தது. கெடுத்தவள் நான். வேளைக்கு ஏதாவது சாப்பிடு. வீட்டுக்கு வரப் பிடிக்காவிட்டால் வராதே, ரேவதி வீட்டுக்குப் போ. அவள் அம்மா உனக்குப் பாய் போட்டு வைத்திருக்கிறாள். நான் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். என்னை மன்னிக்கவும் வேண்டாம். என்னோடு ஒரு வருஷம் பேசாதே, பத்து வருஷம் பேசாதே, இரு. எனக்கு அது போதும்.

இன்று காலை ரேவதி குழுவில் ஒரு படம் போட்டாள். பாண்டி பஜாரில் ஏதோ ஒரு கடை வாசலில் அவர் பாடுகிற பழைய படம். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மத்தியானம் வரை அந்தப் பட்டியலில் உன் பெயர் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து காட்டச் சொல்லி அவளைப் பாடாய்ப் படுத்துகிறேன். அவளும் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று கோயிலில் எழுந்து உட்கார்ந்ததும், பையிலிருந்து அதே சிவப்புப் பேனாவை எடுத்தேன். மோகனசுந்தரத்தின் பெயர் உன் அப்பாவின் பெயருக்குக் கீழே அப்படியே இருக்கிறது, இனி அதை யாரும் தொட மாட்டார்கள். பத்தாவது கோட்டில் இருந்த பெயரை அடித்தேன். ஒரு தடவை இல்லை, பேப்பர் கிழிகிற வரை அடித்தேன். அந்தப் பட்டியலில் நீ இல்லை. இப்போது ரேவதி இந்தக் கடிதத்தைக் குழுவில் போடப் போகிறாள். இதைப் படித்தவர்கள் பட்டியலில் உன் பெயர் வருகிறதா என்று நான் அவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா